அலைக்கரைத் தூண்டில்: புதிதாகத் தொடங்குவோருக்கு

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விடியற்காலையில் நடந்தால், மணலில் ஊன்றி நிறுத்திய நீளமான தூண்டில் கழிகள் அங்கங்கே கண்ணில் படும். ஆசையாகக் கழி வாங்கிவிட்டு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வெறுங்கையோடு திரும்பி, ஐந்தாவது வாரம் அதைப் பரணில் ஏற்றியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் வாங்கிய பொருளில் பெரும்பாலும் குறை இருந்ததில்லை. எந்த ரீல், எந்த நரம்பு (தூண்டில் நூல்) என்று பத்துப் பேரிடம் கேட்டவர்கள், கரை எப்படி இருக்கிறது, அங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்க்காமல் வந்து வீசினார்கள். அதனால் இந்தக் கட்டுரையும் கரையிலிருந்துதான் தொடங்குகிறது. சென்னைக்குத் தெற்கே உள்ள திறந்த மணற்கரையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பாறைக்கும் துறைமுகச் சுவருக்கும் முறை வேறு.

முதல் நாள் கழி வேண்டாம்

முதல் நாள் வெறுங்கையோடு போங்கள். கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. சென்னைக் கரையில் ஏற்ற இறக்கம் பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனாலும் சரிவான மணலில் அந்த ஒரு மீட்டர் பல அடி தூரத்துக்குத் தரையைத் திறந்து காட்டிவிடும். நேற்று நீருக்குள் இருந்த பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று அப்போது தெரியும்.

சற்று உயரமான மணலில் உட்கார்ந்து பத்து நிமிடம் அலையை மட்டும் பாருங்கள். அலை வெள்ளையாக உடைகிற இடம் ஆழம் குறைந்தது. அடியில் மணல் திட்டு இருக்கிறது. உடைந்த அலை அடங்கி, நிறம் கறுத்து, சத்தமில்லாமல் கொஞ்ச தூரம் உருண்டு வந்து, காலடியில் மறுபடி உடையும். இரண்டு உடைப்புகளுக்கும் நடுவே உள்ள அந்த அமைதியான பட்டைதான் ஓடை. அலை கிளறிவிட்ட புழுவும் பூச்சியும் அதில்தான் சேரும். இரை தேடும் மீன் அதற்குள்தான் கரைக்கு இணையாக ஓடும். பல இடங்களில் அது கரையிலிருந்து இருபது, முப்பது மீட்டருக்குள் இருக்கிறது. நூறு மீட்டர் வீசப் பழகிய பிறகுதான் மீன் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு, மீன் இருக்கிற இடத்துக்கு மேலாகவே ஈயக் குண்டைப் பறக்கவிடுகிறவர்கள் ஏராளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வரிசையாக உடையும் அலைகளுக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் அலை உடையாமல், நுரையும் கலங்கிய மணலும் கடலை நோக்கித் திரும்பி ஓடும். கரையில் ஏறிய நீர் திரும்பிப் போகிற வாசல் அது. அதன் இரு ஓரங்களும் தூண்டிலுக்கு அருமையான இடம். மனிதன் இறங்கக் கூடாத இடமும் அதுதான். சென்னைக் கடற்கரையில் குளிக்கப் போனவர்களை இழுத்துச் செல்வது பெரும்பாலும் இத்தகைய இழுப்புதான். தப்பித் தவறிச் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். தூண்டில்காரர் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கத் தேவையே இல்லை. இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு தெரிந்து விலகிவிடும்.

கடைசியாக நீரோட்டம். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதை மீனவர்கள் தெண்டி என்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வண்ணி. ஒரு காய்ந்த குச்சியை அலைக்கு அப்பால் எறிந்து அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் போதும். நீங்கள் வீசும் நரம்பும் அந்தப் பக்கம்தான் போகும், பக்கத்தில் நிற்பவரின் நரம்பை நோக்கி.

எந்த மாதம், எந்த நேரம்

ஜனவரி முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். பழகுவதற்கு அதுவே ஏற்ற காலம். கோடையில் காலை நேரத்தில் நிலத்திலிருந்து காற்று வீசிக் கடல் படுத்திருக்கும், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்து முகத்தில் அறையும். அதனால் காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், ஆறுகளின் முகத்துவார மணல் உடைந்து கலங்கல் நீர் கடலில் சேரும். அனுபவமுள்ளவர்கள் கொடுவா, காலா மீன்களுக்குக் காத்திருக்கும் காலம் அது. அடையாறு முகத்துவாரத்திலும் கோவளம் கழிமுகத்திலும் அப்போது கூட்டம் தெரியும். புதியவர் அந்த மாதங்களில் வேடிக்கை பார்க்கப் போகலாம், வீச வேண்டாம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் உயர் அலை எச்சரிக்கை வெளியிடுகிறது. வீட்டிலிருந்து கிளம்பும் முன் அதைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம் விடியலோடோ அந்தியோடோ சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்க வேண்டியவை

கழி பத்து முதல் பன்னிரண்டு அடி. அதன் மேல் எத்தனை கிராம் வரை வீசலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். 60 முதல் 120 கிராம் வரை தாங்குவது நம் கரைக்குப் போதும். முழுக் கார்பன் கழி இலேசாக இருக்கும், விலையும் அதிகம். கண்ணாடி இழை கலந்தது கொஞ்சம் கனம், ஆனால் மணலில் விழுந்தாலும் ஆட்டோவில் இடிபட்டாலும் தாங்கும். முதல் கழியாக அதையே வாங்கச் சொல்வேன். கார்பனில் மின்சாரம் பாயும் என்பதை மறக்கக் கூடாது. இடி இடிக்கும்போது கழியைத் தரையில் கிடத்திவிட்டுக் கரையை விட்டு வெளியேறுங்கள். மின்கம்பிக்குக் கீழே கழியை நிமிர்த்திக்கொண்டு நடக்காதீர்கள்.

ரீல், ஸ்பின்னிங் வகையில் 4000 முதல் 6000 வரையிலான அளவு. நரம்பு என்றும் தங்கூஸ் என்றும் கரையில் சொல்வது ஒற்றை இழை நைலான், 0.35 மி.மீ. எடுங்கள். பின்னல் நரம்பு தூரம் போகும், கடியும் நன்றாகத் தெரியும். ஆனால் வீசும்போது விரலை அறுக்கும், சிக்கினால் பிரிக்க முடியாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்: வீச்சின் அதிர்ச்சியைத் தாங்க, ரீலில் உள்ள நரம்பின் நுனியோடு சேர்த்துக் கட்டும் தடித்த முன்நரம்பு. மெல்லிய நரம்பில் 90 கிராம் ஈயத்தைக் கட்டி முழு வேகத்தில் வீசினால் நரம்பு பாதி வழியில் அறுந்து, ஈயம் கல்போலப் பறக்கும். எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்துக்குப் பத்து பவுண்டு தாங்கும் முன்நரம்பு என்பது கணக்கு. 85 கிராம் ஈயத்துக்கு முப்பது பவுண்டு, சுமார் 0.55 மி.மீ. தடிமன். நீளம் கழியைப் போல இரு மடங்கு. வீசத் தயாராக ஈயத்தைத் தொங்கவிட்ட நிலையிலும் ரீலில் நான்கைந்து சுற்று தடித்த நரம்பு இருக்க வேண்டும். முன்நரம்பு இல்லாமல் பக்கத்தில் வீசிக்கொண்டிருந்த ஒருவரின் ஈயம் அறுந்து, என் பின்னால் இருபதடி தள்ளி நின்ற படகின் மரத்தில் பதிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படகில் கொஞ்ச நேரம் முன்புதான் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான்.

ஈயம்: கூம்பு வடிவம் மணலில் பிடிக்கும், உருண்டை உருளும். 60, 85, 110 கிராமில் இரண்டிரண்டு போதும். தூண்டில் முள்ளில் எண் குழப்பம் உண்டு. 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1/0, 2/0, 3/0 என்று பூஜ்யம் சேர்ந்தால் எண் ஏற ஏறப் பெரிதாகும். சிறு வாயுள்ள கிழங்கான் மீனுக்கு 6 அல்லது 4. காலா, பாரைக்கு 1/0 முதல் 3/0. சீலாவும் வாளையும் பல்லால் நைலானை வெட்டிவிடும். அவை கரைக்கு வரும் நாட்களுக்கு ஒரு சாண் மெல்லிய கம்பி வைத்துக்கொள்ளுங்கள். இவை தவிர இரண்டு அடி நீளமுள்ள பி.வி.சி. குழாய் (ஒரு முனையைச் சாய்வாக வெட்டினால் கழியைத் தாங்கும் ஊன்றுகோல் தயார்), மூக்கு நீண்ட இடுக்கி, கத்தி, தலைவிளக்கு, பழைய துண்டு, குப்பைக்கு ஒரு பை.

கட்டும் முறை

தொடக்கத்துக்கு ஒரே அமைப்பு போதும். முன்நரம்பின் நுனியில் ஒரு ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சிறு உலோக இணைப்பு). அதிலிருந்து மூன்றடி நரம்பு, அதன் அடியில் ஈயம். ஈயத்துக்கு மேலே ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு சிறு கிளைகள், ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குள், நுனியில் முள். ஈயம் கீழே, முள் மேலே என்பதால் அலையில் சிக்கல் குறைவு.

முள்ளைக் கட்டும் முடிச்சை வீட்டிலேயே ஐம்பது முறை போட்டுப் பழகுங்கள். நரம்பை முள்ளின் துளையில் நுழைத்து நான்கு விரற்கடை வெளியே இழுங்கள். அந்த வாலை நரம்பின் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். முள்ளை ஒட்டிச் சிறு வளையம் ஒன்று மிஞ்சியிருக்கும். வாலை அதில் நுழையுங்கள். நுழைத்ததும் மேலே பெரிய வளையம் ஒன்று உண்டாகும். அதன் வழியாகவும் வாலைத் திருப்பி எடுங்கள். இப்போது எச்சில் தடவி, மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் வெந்து வலுவிழந்துவிடும். சரியாக இறுகிய முடிச்சில் சுற்றுகள் ஒன்றையொன்று தாண்டாமல் அடுக்கடுக்காகத் தெரியும். தாண்டியிருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

இரை

இறாலே முதல் இரை. பெரியதாக இருக்க வேண்டியதில்லை. புதிதாக இருக்க வேண்டும். தலை கறுத்து, ஓடு தளர்ந்த இறாலை மீன் முகர்ந்துவிட்டுப் போய்விடும். காசிமேட்டிலோ குப்பத்துச் சந்தையிலோ சமைக்க வாங்கும் இறாலில் ஒரு பிடியை எடுத்து வைத்தால் காலைப் பொழுதுக்குப் போதும். தலையைக் கிள்ளி எறிந்து, ஓட்டை உரித்து, வால் பக்கத்திலிருந்து முள்ளைக் குத்தி, இறாலின் வளைவும் முள்ளின் வளைவும் ஒன்றாகும்படி தள்ளுங்கள். நுனி மட்டும் வயிற்றுப் பக்கம் சற்று வெளியே தெரியட்டும். மெல்லிய எலாஸ்டிக் நூலால் நாலு சுற்றுச் சுற்றினால் வீச்சில் பிய்ந்து போகாது. முடிச்சுக்கூட வேண்டாம், இழுத்து அறுத்தால் தானே ஒட்டிக்கொள்ளும். கிழங்கானுக்கு முழு இறால் வேண்டியதில்லை. அதன் வாய் சிறியது. விரல் நகத்தளவு துண்டு போதும்.

கணவாயைச் சுண்டுவிரல் நீளப் பட்டைகளாக வெட்டி ஒரு முனையில் மட்டும் குத்தினால் அலையில் ஆடும். சிறு நண்டுகள் கடித்தாலும் தாங்கும். மத்தி, கவலை மீன்களின் துண்டுகள் எண்ணெய் வாசனையால் தூரத்திலிருந்து மீனை அழைக்கும். ஆனால் சதை மெத்தென்றிருப்பதால் நூல் சுற்றாமல் வீசக் கூடாது. அலை திரும்பும் ஈர மணலில் சட்டென்று புதைந்துகொள்ளும் முட்டை வடிவப் பூச்சி நண்டும் நல்ல இரை. தேவைக்கு நாலைந்து எடுங்கள், வாளி நிறைய வேண்டாம். எந்த இரையானாலும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெறும் முள்ளோடு ஒரு மணி நேரம் காத்திருப்பவர்கள் நம்மிடையே நிறைய.

வீச்சு

வீசும் முன் திரும்பிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், பந்தாடும் பிள்ளைகள், நாய்கள் எல்லாமே சத்தமின்றிப் பின்னால் வந்து நிற்கும். ஈயம் கழியின் நுனியிலிருந்து நாலைந்து அடி தொங்கட்டும். ஆள்காட்டி விரலில் நரம்பைப் பிடித்துக்கொண்டு ரீலின் வளைகம்பியைத் திறங்கள். கழியைப் பின்னால் சாய்த்து, மேல் கையைத் தள்ளி, கீழ்க் கையை மார்பை நோக்கி இழுங்கள். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். தூரம் தருவது கீழ்க் கையின் இழுப்புதான். கழி தலைக்கு மேலே தாண்டும்போது விரலை விடுங்கள். ஈயம் உயரப் போய்ப் பக்கத்திலேயே விழுந்தால் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். காலடியில் அடித்தால் தாமதம். முதல் இரண்டு வாரம் பாதி வேகத்தில் வீசி ஓடைக்குள் இறக்கப் பழகுங்கள்.

ஈயம் தரை தொட்டதும் தொய்வைச் சுற்றியெடுத்து, கழியை ஊன்றுகோலில் வைத்து, ரீலின் பிடியை (நரம்பு எளிதில் ஓடாமல் தடுக்கும் ‘டிராக்’ திருகை) தளர்த்தி வையுங்கள். ஓங்கி இழுத்தால் நரம்பு நகர வேண்டும். கெட்டியாக வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவரின் கழியைத் திருக்கை கடலுக்குள் இழுத்துச் சென்றது உண்டு.

கிழங்கான் கடித்தால் நுனி இரண்டு மூன்று முறை படபடவென்று துடிக்கும். காலா பிடித்தால் கழி ஒரேயடியாக வளையும். மீனைக் கரையேற்றும்போது கடைசி அலையோடு சேர்த்து இழுங்கள். அலை திரும்பும்போது இழுத்தால் நீரின் எடையும் மீனின் எடையும் சேர்ந்து முள்ளைப் பிய்த்துவிடும்.

கையில் வந்த பிறகு

கெளுத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். அரம்போன்ற பல்லும் நஞ்சும் உடையவை. துண்டால் மூடிப் பிடித்து இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறக்குறைய 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காயத்தை வைத்திருந்தால் வலி தணியும். அதன் பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். முள் துண்டு உள்ளே தங்கிச் சீழ்பிடிக்கலாம். திருக்கை முள்ளுக்கும் இதே முதலுதவி. வேண்டாத கெளுத்தியை மணலில் வீசிவிட்டுப் போவதுதான் இந்தக் கரையில் நான் காணும் மிக மோசமான பழக்கம். அது செத்துக் காய்ந்து மணலோடு மணலாகப் புதைந்த பிறகும் முள் நிமிர்ந்தே நிற்கும். மறுநாள் வெறுங்காலோடு வலை இழுக்க வருபவரின் பாதத்தில் அது ஏறும். உயிரோடு கடலில் விடுங்கள், அல்லது வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழம்பு வையுங்கள். நல்ல சுவையான மீன்.

ஊதிப் பெரிதாகும் பேத்தையைச் சமைக்கவே கூடாது. அதன் நஞ்சு கொதியில் அழியாது. சிறு மீன்களைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து உடனே விடுங்கள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரிய கொடுவா என்பது பெரும்பாலும் முட்டையிடும் தாய். படம் எடுத்துக்கொண்டு அதைத் திருப்பி அனுப்பியவரை நான் மதிக்கிறேன்.

கரையில் மற்றவர்களோடு

நமக்கு இது ஞாயிற்றுக்கிழமை. குப்பத்து மக்களுக்கு அது பணியிடம். படகு நிறுத்திய இடத்துக்கு நேரே நின்று வீசாதீர்கள். ஃபைபர் படகு கரை ஏறும்போது அதற்குத் திசை மாற்ற நேரம் இருக்காது. குறுக்கே நரம்பு கிடந்தால் இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். படகு வருவது தெரிந்ததும் நரம்பைச் சுற்றியெடுத்துவிடுங்கள். கரைவலை இழுக்கிறார்கள் என்றால், இரண்டு கயிறுகளுக்கும் நடுவே உள்ள கடல் முழுவதும் அவர்களுடையது. வலை ஏறும்வரை கழியைக் கிடத்திவிட்டு, அழைத்தால் கயிற்றுக்குக் கை கொடுங்கள். வந்ததும் அங்கிருக்கும் பெரியவரிடம், “ஐயா, இங்கே நின்று வீசலாமா, வலை ஏதும் கிடக்கிறதா?” என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள் விட்டிருக்கும் வலையை அவர்தான் காட்டுவார். எந்தப் பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது என்பதையும் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்.

இன்னொரு தூண்டில்காரர் நின்றால் குறைந்தது இருபத்தைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஓட்டம் பலமாக இருந்தால் இன்னும் கூட. அவருக்கு மீன் விழுந்த உடனே அருகில் போய் நிற்பதும், அவர் என்ன இரை போட்டார் என்று வாளியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம், கேட்டால் சொல்வார்கள். யாருக்காவது பெரிய மீன் மாட்டினால் பக்கத்தில் உள்ளவர்கள் நரம்பைச் சுற்றியெடுத்து வழிவிடுவது இங்கே எல்லோரும் மதிக்கும் வழக்கம்.

நரம்புகள் சிக்கத்தான் செய்யும். நான் புதிதாக வந்த காலத்தில் ஓட்டம் பார்க்காமல் வீசி, கோவளத்தில் ஒரு பெரியவரின் இரண்டு கழிகளையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன். ஓடிப் போய் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முதலில் தன் நரம்பை வெட்டினார், பிறகு என்னுடையதை இழுக்கச் சொன்னார். மூன்று ஈயமும் என் கைக்கு வந்தன. அவருடையவற்றைத் திருப்பிக் கொடுத்தபோது, “ரெண்டு படகு தள்ளிப் போய் நில்லு தம்பி, இன்றைக்கு வண்ணி” என்றார். அன்றிலிருந்து சிக்கினால் முதலில் என் நரம்பைத்தான் வெட்டுகிறேன். ஐந்து ரூபாய் நைலான்தான் போகிறது.

இரவில் தலைவிளக்கைக் கடலுக்கு நேரே அடிக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் முகத்திலும் அடிக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இதில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அது பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே 1988 முதல் மாணவர்கள் இரவு முழுக்க நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். ஆமை ஏறுவதைப் பார்த்தால் விளக்கை அணைத்துவிட்டு, நரம்பைச் சுற்றியெடுத்து, அசையாமல் நில்லுங்கள். அருகில் போய்ப் படம் எடுக்க வேண்டாம். அந்தக் காலத்தில் சிவப்பு விளக்கே போதும்.

கிளம்பும் முன் நின்ற இடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வெட்டிய நரம்புத் துண்டுகளைப் பொறுக்குங்கள். ஒரு சாண் நைலான்கூடக் காக்கையின் காலில் சுற்றிக்கொள்ளும். வீட்டில் ரீலின் பிடியை இறுக்கிவிட்டு, குழாய் வேகமில்லாமல் நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவுங்கள். இறுக்காமல் கழுவினால் உப்பு உள்ளே இறங்கும். கழியின் வளையங்களையும் கழுவி நிழலில் காயவிடுங்கள். காய்ந்த பிறகு பிடியைத் தளர்த்தி வையுங்கள், அடுத்த ஞாயிறு வரை.